எலுமிச்சம்பழம் ஏறிய வண்டி

அன்று எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், அப்பா, அம்மா, பெயிண்டர் சித்தப்பா, எஸ்டேட் லீவு என்பதால் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும். இல்லாதவர் ஒருவர்தான். வண்டியின் சொந்தக்காரர்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவன் எதையும் சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அப்போது என் கொள்கை. (வெண்டைக்காயை எல்லோரும்தான் ஒடித்துப் பார்த்து வாங்குகிறார்கள் என்பீர்கள். அதற்கு டிகிரி வேண்டாமே.) மூன்று வருடம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்து, குன்னூர்க் கடை ஒன்றில் மூன்றைப் பொறுக்கி வைத்திருந்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. மனசு கறுப்பில்தான் இருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பிடித்த பலகாரத்தைக் கடைசியில் தின்கிறவன் நான்.

எங்கள் லைனுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அதில் இரண்டு பேரோடு ஏறுகிற வண்டியே நம் வண்டி என்று முடிவு செய்தேன். பின்னால் உட்கார அப்பா. சோதனை துல்லியமாக இருக்க வேண்டுமென்று முதல் நாளே அவரைக் கொழுந்து நிறுக்கும் தராசில் ஏற்றினேன். கூடைக்குக் கழிப்பதுபோல அவருடைய கம்பளிக்கு ஒரு கிலோ கழித்தேன்.

"ஈரத்துக்குக் கழிக்கலையா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

கடைக்காரர் நல்ல மனிதர். என் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, "மெதுவா ஓட்டிப் பாருங்க தம்பி, மத்தியானத்துக்குள்ள வந்தாப் போதும்" என்று முதலில் சிவப்பைக் கொடுத்தார்.

அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கடைவீதியில் சிவப்பு பறந்தது. எஸ்டேட் ரோட்டில் ஓடியது. வளைவுக்கு வந்ததும் முனகியது, நின்றது, பிறகு நிதானமாகப் பின்னால் உருளத் தொடங்கியது. அப்பா குதித்து, லாரிக்கு வைப்பதுபோல் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தார்.

"கல்லு வெச்சாச்சு. இனி என்ன பண்றது?"

"தள்ளுங்கப்பா."

"வாங்கறதுக்கு முன்னாடியேவா?"

தள்ளினார். சிவப்பு ஃபெயில் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு, முகம் கழுவி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம் என்று வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"ஏஞ்சாமி, டெஸ்ட்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்கம்மா."

"பாசா?"

இங்கேதான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் டெஸ்ட் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.காம். வரை, ஒவ்வொரு பரீட்சை முடிந்து வரும்போதும் அம்மா இதே இரண்டு கேள்விகளை, இதே நிலைப்படியில் நின்றுதான் கேட்டிருக்கிறாள். என் வாயும் ஒரே பதிலுக்குத்தான் பழகியிருந்தது. போதாக்குறைக்கு, அப்பா தள்ளிக்கொண்டு வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்களோ என்ற வெட்கம் வேறு.

"பாசுதானுங்கம்மா" என்றேன்.

உள்ளே போய் டீ குடித்தேன். வர்க்கி ஒன்று தின்றேன். அந்த ஒரு வர்க்கி நேரத்தில் வெளியே எல்லாம் முடிந்திருந்தது.

வண்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் செவ்வந்தி மாலை. டேங்க்கின் மேல் சூடத் தட்டு, சூட்டில் பெயிண்ட் லேசாகக் கொப்பளிக்கிறது. எஸ்டேட்டில் மெஷினுக்கும் கதவுக்கும் வண்ணம் அடிக்கும் சித்தப்பா, அதே பச்சைப் பெயிண்டில் முன்பக்கம் "முருகன் துணை" என்று எழுதி முடித்து, "ன்"னுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். அப்பா ஓரமாக ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று குனிந்து கேட்டேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள சூடம் ஏத்திட்டா. எரியறப்ப என்னத்தப் பேசறது?"

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா சீட்டின்மேல் கை வைத்துக்கொண்டு, "நம்ம ஊட்டுக்கு மொத வண்டி. எம்பையன் டெஸ்ட்டு வெச்சு எடுத்தது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி எத்தனையோ வருடம் அந்த ஏற்றத்தில் நடந்தவள். அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஏறு சாமி" என்றாள்.

ஏறினேன். அந்த வண்டி முனகாமல் ஏறியது வாழ்க்கையில் அந்த இரண்டு பழங்களின் மேல் மட்டும்தான்.

மத்தியானம் குன்னூர்க் கடையில், கடைக்காரர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பின்னால் கறுப்பு வண்டி துடைத்து மினுமினுவென்று எனக்காக நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, ஓட்டிப் பாக்கத்தான குடுத்தேன். கும்பாபிஷேகமே பண்ணிக் கொண்டாந்துட்டீங்க."

"கழுவித் தந்துடறேனுங்க."

"பெயிண்டக் கழுவலாம். உங்கம்மா சூடம் ஏத்துன வண்டிய இன்னொருத்தருக்கு வித்தா, அவருக்கு ஆகுமா, உங்களுக்குத்தான் ஆகுமா?"

பி.காம். படித்த கையால் பணத்தை எடுத்தேன். ஓட்டிப் பார்த்த வண்டி என்று கொஞ்சம் விலை குறைத்தார். கறுப்பைத் தொட்டுப் பார்க்காமலே வீடு திரும்பினேன்.

விஷயம் அம்மாவுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. "பாசுன்னு நீதான சொன்ன?" என்றாள். இன்றும் யாராவது ஜவுளிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்தால், "இரு, எலுமிச்சம்பழம் வாங்கியாறேன்" என்பாள். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது சித்தப்பாவைப் பெயிண்ட் டப்பாவோடு வர வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள்.

வளைவுக்கு டெஸ்ட் வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வண்டி இருந்தவரை அப்பா அங்கே இறங்கி, நடந்து ஏறுவார். நான் மேலே காத்திருப்பேன்.

வண்டி, வரி, இன்சூரன்ஸ், மாலை, சூடம் எல்லாம் சேர்த்து ஆன செலவு முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய், இரண்டு எலுமிச்சம்பழத்துக்கு.