திம்பாங் அக்காவும் இருபத்தேழு கிராமும்

திம்பாங் அக்காவின் கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தபோது நான் தராசின்மேல் நின்றுகொண்டிருந்தேன். அதில் வியப்பில்லை. எங்கள் மலேசியச் சிற்றூரான புக்கிட் பெலிம்பிங்கில் பிறந்தவர், பிழைக்க வந்தவர், வழி தவறி வந்தவர் என்று யாராக இருந்தாலும் சரி, அக்காவிடம் எடை போடப்படாமல் தப்பியவர் ஒருவர்கூடக் கிடையாது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கிற நிலையத்தில் அவருக்கு வேலை. மலாய் மொழியில் நிறுப்பதற்குத் திம்பாங் என்று பெயர். அக்காவின் சொந்தப் பெயர் அந்தச் சொல்லுக்கு அடியில் நசுங்கிப்போய்ப் பல வருடமாகிறது. லோரி குலையோடு வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இருபது வருடமாக இதையே பார்த்தவர், உலகம் மொத்தமும் இப்படித்தான் நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர் வீட்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு தராசு கிடக்கும். ஏறி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். திரும்பும்போதும் ஏறவேண்டும். எடை கூடவில்லையா, தொலைந்தோம். "என் வீட்டுக்கு வந்த வண்டி காலியா போவக்கூடாது. உக்காரு, இன்னொரு கரண்டி போடுறேன்." பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மாலையோடு தராசில் ஏற்றி, மாலையைத் தனியே நிறுத்துக் கழித்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்து அதே மாப்பிள்ளையை வழிமறித்து மறுபடி ஏற்றினார். நேராகப் பெண்ணிடம் போய், "ஆறு கிலோ ஏத்திருக்கே, நல்லாதான் பாத்துக்கிற லா" என்று பாராட்டிவிட்டு வந்தார். பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று பல்லை நிறுத்தார். அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஆக, அந்தச் சனிக்கிழமை நான் தராசில் நிற்கிறேன். கூடத்திலிருந்து டிக்... டிக்... டிக். கணினி படித்தவனுக்கு அந்தச் சத்தம் போதும்.

"அக்கா, உங்க ஹார்ட் டிஸ்க் சாகப் போவுது!"

"ஏன்டா, எடை கொறைஞ்சிருச்சா?"

நான் சிரித்தேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மேரிக்கா சிரிக்கவில்லை. கத்தியோடு எழுந்து வந்துவிட்டார்.

மேரிக்கா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஐம்பது வயது தாண்டியும் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை, அந்த ஐசி, கிடைக்காதவர். பிறந்த சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், கிடையாது. அவர் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, தோட்டத்துச் சின்னக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பக்கம். அந்தப் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. தின்பதற்கு முன்னால், எடைச் சீட்டை ஸ்கேன் செய்கிற அதே பழக்கத்தில், அக்கா அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். வரும் செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் மேரிக்காவுக்கு நேர்காணல். கம்ப்யூட்டரோ மூன்று நாளாகத் திறக்கவே மாட்டேன் என்கிறது.

"வேற எங்கயும் காப்பி இல்லையா?"

"இந்தப் பொட்டிக்குள்ள மட்டும்தான் தம்பி இருக்கு" என்றார் மேரிக்கா. கத்தி இன்னும் கையில்தான் இருந்தது.

"நாளைக்கே முடிச்சிரலாம்!" என்றேன் நான்.

மறுநாள் பிற்பகல், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு நண்பனிடம் வாங்கிய பழைய ஹார்ட் டிஸ்க்கும் என் லேப்டாப்புமாகப் போய் இறங்கினேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு பல்லி முட்டைகள். அக்கா அவற்றை நிறுத்தார். சாகக்கிடந்த டிஸ்க்கைக் கழற்றினேன். கேக் மாவு நிறுக்கிற சின்னத் தராசில் அதையும் வைத்தார். 631 கிராம். நான் கொண்டுபோனது 604. இரண்டையும் ஓர் எடைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

"பாத்தியா, இதுல இருபத்தேழு கிராம் சரக்கு இருக்கு. உன்னுது காலி வண்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா! டேட்டாவுக்கு எடையே கிடையாது!"

"எடை இல்லாத சரக்க நான் பாத்ததில்ல."

இவரிடம் வாதாடி ஆகாது என்று வேலையைத் தொடங்கினேன். நண்பன் கொடுத்த டிஸ்க்கில் அவனுடைய குப்பை நிறைய இருந்தது. முதலில் அதைத் துடைத்து அழிக்கவேண்டும், பிறகு அக்காவுடையதை அதில் நகல் எடுக்கவேண்டும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. செய்தித்தாளின்மேல் இரட்டைப் பிள்ளைகள்போலக் கிடந்தன. குழம்பக்கூடாது என்றுதான் ஆளுக்கொரு பெயரெழுதிய காகிதத் துண்டு வைத்திருந்தேன். தலைக்குமேல் சுழன்ற காற்றாடி அவற்றைப் பறக்கவிட்டது. பொறுக்கி, அதனதன்மேல் வைத்தேன். வைத்ததாக நினைத்தேன். ஒன்றை லேப்டாப்பில் மாட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. விரல் பொத்தானுக்குப் போயிற்று.

"இருடா. எடை போடாம எப்படி வேலய ஆரம்பிப்ப?"

"ஒரு நிமிஷ வேலைக்கா!"

"அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி போடு." சொன்னதோடு நிற்கவில்லை, கேபிளைப் பிடுங்கியே விட்டார். டிஸ்க்கைத் தூக்கித் தராசில் வைத்தார்.

631.

மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்தோம். அக்கா சீட்டைத் திருப்பினார், மறுபடி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டேய்," என்றார் மெதுவாக. "இது லோட் வண்டிடா."

ஒரே ஓர் அழுத்து. மேரிக்கா இந்த மண்ணில் பிறக்காதவராகப் போயிருப்பார்.

"என்னாச்சு? ஏன் தம்பி மூஞ்சி வெளுத்துப் போச்சு?" மேரிக்கா பதறினார்.

"ஒண்ணுமில்ல மேரி," என்றார் அக்கா. "ரெண்டு வண்டி எடம் மாறி நின்னுருச்சு. நீ போய் தேத்தண்ணி கலக்கு." அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை.

நகல் எடுத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. டிக் டிக் என்று முனகிக்கொண்டே கடைசி வரை கொடுத்துத் தீர்த்தது அந்தப் பழைய டிஸ்க். உடனே அக்கா நண்பனின் டிஸ்க்கை நிறுத்தார். 604. இப்போது அதிர்ச்சியடைவது அவர் முறை.

"ஒரு கிராம்கூட ஏறல! சரக்க எங்கடா எறக்குன?"

உள்ளே சுழலும் தகடுகள் ஒரு டிஸ்க்கில் கூடுதல், இன்னொன்றில் குறைவு, வித்தியாசம் அவ்வளவுதான் என்று விளக்கினேன். என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டிஸ்க்கை மாட்டி, நான்கு திருகாணியும் முடுக்கி, பெட்டியை உயிர்ப்பித்தேன். பழுப்பேறிய அந்தப் பக்கம் திரையில் விரிந்தது. மேரிக்கா ஈரக் கையால் திரையைத் தொட்டார்.

"எங்கம்மா பேரு," என்றார்.

மூன்று பிரதி அச்சடித்தேன். அக்கா மூன்றையும் தராசில் வைத்தார். பதினைந்து கிராம். "ஆங், இப்ப சரி," என்று மேரிக்காவிடம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதில் வரவேண்டும். மூன்று பேரும் காத்திருக்கிறோம்.

நண்பன் கொடுத்ததும் பழைய டிஸ்க்தான், அதை நம்பி வைத்திருக்க எனக்கு மனசில்லை. வரும் சனிக்கிழமை சுழலும் தகடே இல்லாத ஓர் எஸ்எஸ்டி கொண்டுபோய் மாட்டப் போகிறேன். அது கோழிமுட்டையைவிட இலேசு. அக்கா அதைத் தராசில் வைக்கும்போது என்ன ஆகுமோ தெரியாது. காலைப் பசியாறாமல்தான் போவேன். காலி வண்டியாகப் போய் நின்றால்தான் அக்காவுக்குச் சந்தோஷம்.