தாம்பாளம் வைத்து அழைத்த பரீட்சை

ஒரகடம் பக்கம் எத்தனையோ தேசத்து ஆட்கள் வந்து போகிறார்கள். ஆனால் தன் பரீட்சைக்கு ஊரையே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மனிதன், நாங்கள் 'முன்னாடி' என்று பெயர் வைத்துக் கூப்பிட்ட அந்த ஒருவன்தான். இனிமேல் இன்னொருத்தன் பிறந்து வந்து அழைத்தாலும் அவனுக்கு இரண்டாவது இடம்தான்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லப்போய் எங்கள் எல்லோருக்கும் நாக்கு சுளுக்கிக்கொண்டதால் அதை அப்படியே விட்டுவிட்டோம். பின்லாந்துக்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்கு, ஒரு செமஸ்டர் இங்கே தங்கிப் படிக்க வந்தவன். காலேஜில் ஏசி வைத்த ரூம் கொடுத்தார்கள். அதை உதறிவிட்டு, வல்லம் வடகாலில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் வந்து பாயை விரித்தான். புத்தி பிசகி அல்ல, அவன் எடுத்த பாடம் அப்படி. போன ஊரில் ஜனங்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள், அந்த ஊரின் பழைய கதை என்ன என்று தெரிந்துகொண்டு, கடைசியில் ஊர்க்காரர்கள் முன்னாலேயே பேசிக் காட்ட வேண்டும். அவன் ஊர் புரொபசர் வீடியோவில் பார்த்து மார்க் போடுவார். ஊர்க்காரர்கள் வராவிட்டால் ஃபெயில். ஃபெயில் என்றால் இன்னொரு செமஸ்டர் இங்கேயே இருந்து மறுபடி செய்ய வேண்டும், கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வந்த நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தான்.

நான் அப்போது கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். எங்களுக்கு வீடு விட்டிருந்த ஓனரக்கா இந்த ஊர்க்காரர். அவர்கள் வீட்டு நெல்வயல் எல்லாம் இப்போது கம்பெனிகளுக்கு அடியில் இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஷேர் ஆட்டோக்களில் ஒரு வழக்கம். "கிணத்தாண்ட நிறுத்து" என்பார்கள். கிணற்றை மூடி, சுற்றிலும் கம்பெனி காம்பவுண்டுச் சுவர் எழும்பி வருஷக்கணக்காகிறது. மாந்தோப்பு ஸ்டாப் என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு மாங்கொட்டை கூடக் கிடைக்காது, டிரெய்லர் லாரிதான் நிற்கும். எங்களுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. இவன் வந்த புதிதில் கிணத்தாண்ட இறங்கி, நிஜமாகவே கிணற்றைத் தேடியிருக்கிறான். சுவர் ஓரமாகவே நடந்து, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, கடைசியில் செக்யூரிட்டி கையில் மாட்டிக்கொண்டான். ஓனரக்கா போய்த்தான் மீட்டு வந்தார். "கெணறு தேடற புள்ளப்பா, ஒண்ணும் பண்ணாது, வுட்டுடு" என்று சொன்னாராம்.

சாதாரண ஆளாக இருந்தால் அதோடு திருந்தியிருப்பான். இவனுக்கு அன்றைக்குத்தான் பித்து பிடித்தது. எங்கே போனாலும், யாரைப் பார்த்தாலும், ஓனரக்காவிடம் கற்ற தமிழில் "இங்க முன்னாடி இன்னா இருந்துச்சு?" என்ற ஒரே கேள்வி. அதிலிருந்தே 'முன்னாடி' என்பது அவன் பெயராகிவிட்டது. பிரியாணிக் கடையில் அண்டாவைத் திறக்கிற நேரம் பார்த்துக் கேட்பான். பின்னால் வரிசை சாலை வரைக்கும் போகும். கடைக்காரர் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, தன் தாத்தா காலத்துக் களத்துமேட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் கம்பெனி ஆட்கள் பிரேக் முடிந்து பட்டினியாகத் திரும்புவார்கள். ஒருமுறை பல் பிடுங்கப் போனான். வாயைத் திறந்துகொண்டே டாக்டரிடமும் அதையே கேட்டிருக்கிறான். அவர் பிடுங்கி முடித்துவிட்டு, "இங்க முன்னாடி ஒரு பல் இருந்துச்சு" என்றாராம்.

அன்றாட வாழ்க்கை என்று அவன் பிடித்துக்கொண்டது எங்களை. எங்கள் அறையில் ஏ ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் சி ஷிப்டுக்காரன் வந்து விழுவான். பாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. முன்னாடி அந்தப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்குகிறவனை உலுக்கி, நீ எப்போது தூங்குவாய் என்று விசாரிப்பான். ராமநாதபுரத்துப் பையன் ஒருத்தன் அவனுக்குப் பயந்து டாய்லெட்டில் போய்த் தூங்க ஆரம்பித்தான்.

இப்படியே காலம் ஓடிப் பரீட்சையும் வந்துவிட்டது. ஓனரக்கா வீட்டு மாடியில் பேசுவது என்று ஏற்பாடு. கலர் கலராகப் போஸ்டர் அடித்து டீக்கடை, மளிகைக்கடை, மின்கம்பம் என்று ஒட்டினான். வாட்ஸாப்பிலும் போட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தது நானும் ஒரு நாயும். நாயாவது கடைசி வரை விழித்திருந்தது. நான் நைட் ஷிப்ட் முடித்த களைப்பில் சாய்ந்துவிட்டேன். வீடியோவில் புரொபசர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஒரே ஒரு சான்ஸ் தருகிறேன் என்று சொல்லி போனை அணைத்துவிட்டார்.

முன்னாடி, படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். ஓனரக்கா இடுப்பில் கை வைத்தார்.

"போஸ்டர் ஒட்டனா எவன்டா வருவான்? இது இன்னா அரசியல் மீட்டிங்கா? வூடு வூடா போயி தட்டு வச்சி கூப்டணும். அப்பத்தான் மனுசன் மதிச்சி வருவான்."

மறுநாளே கிளம்பிவிட்டார்கள். முன்னால் ஓனரக்காவும் வீட்டுக்காரரும், நடுவில் தாம்பாளம், பின்னால் வேட்டிக்கு மேல் பேன்ட் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னாடி. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூவன்பழம், கற்கண்டு. ஒவ்வொரு வாசலிலும் அக்கா சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் ஒப்பித்தான்: "ஞாயித்துக்கெழம நம்ம வூட்ல வெச்சிக்கீறோம். குடும்பத்தோட வந்துடணும்." எதை வைத்திருக்கிறோம் என்று அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தட்டு வந்து, குங்குமம் எடுத்துக்கொண்ட பிறகு, என்ன விசேஷம் என்று வாயைத் திறந்து கேட்பது இங்கே மரியாதை இல்லை. அவரவர் மனசுக்குள் அவரவர் முடிவு செய்துகொண்டார்கள். டீக்கடையில் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. எங்கள் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொண்ணு உள்ளூரா வெளியூரா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி தாங்கவில்லை. பட்டுப்புடவை, கனகாம்பரம், சென்ட் வாசனை. ஓவர்டைமை விட்டுவிட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பரிசாக வந்த சுவர்க் கடிகாரங்களை அடுக்க இடமில்லாமல் தண்ணீர் டேங்க் மேல் வைத்தோம். ஸ்டாண்டில் மாட்டிய போனில் புரொபசர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலாஜாபாத்திலிருந்து பூச்சரம் சுருட்டிக் கொண்டுவந்திருந்த ஓனரக்காவின் நாத்தனார் நடுவில் எழுந்து நின்றார்.

"எல்லாம் சரி, பொண்ணு எங்க?"

முன்னாடியின் முகம் வெளுத்துவிட்டது. ஏற்கனவே வெளுப்பு, அதற்கு மேலும் வெளுத்தது. ஓனரக்கா அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டார். ஜனங்கள் கோபித்துக்கொண்டு படியிறங்கினால் அவன் கதை முடிந்தது. அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"பொண்ணு இல்லக்கா. பரிச்ச. நீங்கல்லாம் கெளம்பிட்டா நான் ஃபெயிலு."

நாத்தனார் கையிலிருந்த பூவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு அந்தப் பூவைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். "பரிச்சையா? சரி, எழுது" என்றார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

முன்னாடி பேச ஆரம்பித்தான். கிணறு இப்போதைய பார்க்கிங் ஷெட்டுக்குக் கீழே இருந்தது என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது. பிரியாணிக் கடைக்காரர் எழுந்து, ஷெட்டாண்ட இல்லை, கேன்டீனுக்குக் கீழேதான் கீது என்றார். ஓனரக்காவின் வீட்டுக்காரர், உங்க தாத்தா மாடு அதில் விழுந்தப்போ கயிறு கட்டித் தூக்கினது எங்க அப்பா, எனக்குத் தெரியாதா என்று எகிறினார். நீ சொல்றது மாந்தோப்புக் கிணறு என்று இன்னொருவர். நாற்காலியையும் கடிகார டப்பாக்களையும் நகர்த்தி வைத்து இது ஏரிக்கால்வாய், இது களம், இது வண்டிப்பாதை என்று மாடித் தரையிலேயே ஊரைப் போட்டுவிட்டார்கள். கிணற்றடியில் நடந்த சண்டைகளை எல்லாம் நாத்தனார் மறுபடி ஒருமுறை நடத்திக் காட்டினார். முன்னாடி வாயைப் பிளந்து நின்றான். புரொபசர், என்னப்பா நடக்கிறது என்று அவர்கள் மொழியில் கேட்டிருக்க வேண்டும். அவன் பதில் சொல்லாமல் போனைத் திருப்பிக் கூட்டத்தைக் காட்டினான். சாம்பார் சாதம் பரிமாறி முடிகிற வரைக்கும் அந்த மனுஷர் வீடியோவை அணைக்கவே இல்லை.

சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது, பாஸ். நல்ல மார்க். ஓனரக்கா லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். தான் பெற்ற பிள்ளைகள் பாஸானதற்குக்கூட அவர் லட்டு வாங்கியதில்லை. கடைசி வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவோடு திரும்பியபோது, முன்னாடி, வராந்தாவில் பெட்டியைத் திறந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா நின்றுவிட்டார்.

"ஏன்டா, ஃபெயிலாயிருந்தா இன்னும் ஆறு மாசம் இங்கயே இருந்திருப்பல்ல?"

"ஆமாங்கா."

"அறிவிருக்குதா எனக்கு? நானே தட்டத் தூக்கிகினு வூடு வூடா போயி, நானே உன்ன ஊருக்கு அனுப்பிட்டேன் பாரு."

புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முன்னாடி, மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்கு ஜிப் போட உதவுவதுபோல் சும்மா இழுத்துக்கொண்டிருந்தேன். ஊரே கூடிய அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில், புரொபசருக்குக் கேட்கட்டும் என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவன் நான்தான். தட்டியிருக்க வேண்டாம்.