மெத்தையைப் புரட்டிப் பார்க்கிறவர்

வெளியூர் போய் அறை எடுத்துத் தங்குகிறவர்களில் ஓர் இனம் இருக்கிறது. கடலைப் பார்க்கப் போய்க் குளியலறைக் குழாயைப் பார்த்துவிட்டு வருகிற இனம். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, அலமாரியைத் திறந்து ஹேங்கர்களை எண்ணி, ஜன்னல் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ம்" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தொலைந்தீர்கள்.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரைச் சொல்கிறேன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஆபீசில் அவருக்குப் பெயரே "முத்திரை"தான். முத்திரை விழாத எதையும் அவர் நம்பியதில்லை. கல்யாணம் பேசிய அன்று பெண்ணின் நர்சிங் சர்ட்டிபிகேட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாராம்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் பதினாறு கட்டில். உருவு, உதறு, விரி, மூலையை மடி, இழுத்துச் செருகு. வீட்டுக்கு வந்தால் இங்கே நாலு கட்டில். பதினோரு வருஷம் கழித்து நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னங்க, கடல் வேணாம், மலை வேணாம். வேற யாராவது விரிச்சு வச்ச படுக்கையில போய் நான் படுக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் சொல்றேன், அவசரப்படக் கூடாது. நட்சத்திரம் வேற, விருது வேற, தங்கிட்டுப் போனவங்க போடுற மார்க் வேற. மூணையும் வச்சுப் பாக்கணும்."

பார்த்தார். ஆறு வாரம் பார்த்தார். பார்த்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் விளக்கினார். நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் லிப்ட் இருக்கிறதா, குளியலறையில் போன் இருக்கிறதா, வாசலில் எந்நேரமும் ஆள் இருக்கிறாரா என்று எண்ணித்தான் கொடுக்கிறார்கள். அந்த ஆள் முகம் கொடுத்துப் பேசுவாரா என்பதற்கு நட்சத்திரம் கிடையாது. விருது என்றால் கொடுத்தது யார், எந்த வருஷம், போட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். ஒருத்தன் மட்டும் ஓடிய பந்தயத்திலும் முதல் பரிசு உண்டு. மார்க் என்றால் போட்டவர்களை எண்ண வேண்டும். ஒன்பது பேர் என்றால் அதில் ஏழு பேர் முதலாளியின் மச்சான்களாக இருக்கலாம்.

இதில் ஏதாவது தப்பு உண்டா? இல்லை. அதுதான் தொல்லை. தப்பாகப் பேசுகிறவனின் வாயை அடைத்துவிடலாம். சரியாகவே பேசிக்கொண்டிருக்கிறவனை என்ன செய்வீர்கள்?

கடைசியில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றைப் பிடித்தார். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மூன்று விருதுகள் சட்டம் போட்டுத் தொங்கின. அறைக்குள் நுழைந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், படுக்கை அவளுக்காகக் காத்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். நிமிர்வதற்குள் அவர் விரிப்பை உருவி, உறையைக் கழற்றி, மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, அதன் அடிவயிற்றில் இருந்த தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ம்."

தையல் இரண்டு இடத்தில் பிரிந்திருந்ததாம். வேறு அறை கேட்கக் கீழே போய்விட்டார். கிடந்த கோலத்தை அப்படியே விட்டுப் போயிருக்கலாம். ஆனால் இன்னொருத்தி வந்து குனிய வேண்டுமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. மெத்தையைக் கிடத்தி, விரித்து, மூலையை மடித்துச் செருகினாள்.

இரண்டாவது அறை. மறுபடியும் உருவல். ஹேங்கர் பதினொன்றுதான் இருந்ததாம். ஹேங்கர் குறைந்ததற்கு மெத்தையை ஏன் புரட்ட வேண்டும்? அதெல்லாம் வரிசைப்படி செய்ய வேண்டிய சோதனை. அவர் கீழே போனதும் அவள் மறுபடியும் குனிந்தாள். அறை சுத்தம் செய்கிற பெண் எட்டிப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்க ஆஸ்பத்திரியா?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"அந்த மூலை மடிப்பு சொல்லுதே! அக்கா, எங்க மேனேஜர் வந்தா இது நான் போட்டதுன்னு சொல்லிக்கவா?"

"சொல்லிக்கோ. உன் ஆயுசுக்கும் சொல்லிக்கோ."

அன்று ராத்திரி அவள் தானே விரித்த படுக்கையில்தான் படுத்தாள். மறுநாள் மத்தியானம் மூன்றாவது அறை. அதையும் பிரித்துப் போட்டுவிட்டு, விருதில் போட்டிருந்த வருஷத்தைப் பற்றி மேனேஜரிடம் நியாயம் கேட்கப் போனார். திரும்பி வந்தவர் வாசலிலேயே மலைத்து நின்றார்.

"பாத்தியா! ஒரு சத்தம் போட்டேன், உடனே ஆள் அனுப்பிட்டான்." விரிப்பின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். "சுருக்கமே இல்ல. நாலு மூலையும் ஒரே அளவு. இதுதான் அஞ்சு நட்சத்திரம்!" போனை எடுத்தார். "மேனேஜர்! படுக்கை போட்டவங்களுக்கு என் கணக்குல பத்துக்குப் பத்து. எழுதிக்கங்க."

அவள் பெட்டியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தூங்க."

இரண்டு தெரு தள்ளி "அறை உண்டு" என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"படுக்கை விரிச்சிருக்கா அக்கா?"

"காலையிலயே விரிச்சாச்சும்மா. கொஞ்சம் கோணலா இருக்கும், எனக்குக் கண்ணு சரியில்ல."

கொஞ்சம் கோணலா? ஒரு பக்கம் தரையைக் கூட்டியது, மறுபக்கம் மெத்தை வெளியே தெரிந்தது. இவள் கை தானாகவே அந்த மூலைக்குப் போனது. போன கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு, அப்படியே விழுந்து படுத்தாள். படுத்தவள்தான்.

சாயங்காலம் முத்திரை தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம்?"

"நாங்க கேக்கவும் இல்ல, யாரும் குடுக்கவும் இல்ல."

"விருது ஏதாவது?"

"என் மருமகன் நீச்சல்ல வாங்கின கப் ஒண்ணு அலமாரி மேல இருக்கு. ஆகுமா?"

"ரூமை ஒரு தடவை பாக்கணுமே."

"உள்ள ஒரு பொம்பளை தூங்குறாங்க தம்பி."

"அவ என் சம்சாரம்!"

"அப்ப நல்லதாப் போச்சு. எழுப்பக் கூடாதுன்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல."

மறுநாள் பத்து மணிக்குத்தான் அவள் கண்ணைத் திறந்தாள். இவர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் விரிப்பின் கோணலைச் சரிசெய்யத் துடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கார அம்மாள் கதவருகே காவல் நின்றாள்.

"என்னங்க, பத்துக்குப் பத்து போட்டீங்களே, அந்தப் படுக்கையை விரிச்சது யார் தெரியுமா?"

"விடுதி ஆளு."

"நான்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

"அப்ப அந்த மார்க்கை உடனே வாபஸ் வாங்கணும்" என்று எழுந்து வெளியே ஓடினார்.

அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள். லீவு இன்னும் ஒன்றரை நாள் பாக்கி இருந்தது. அதில் முக்கால்வாசியும் தூங்கினாள்.

அந்த வீட்டு விலாசம் வேண்டும் என்கிறீர்களா? தாராளமாகத் தருகிறேன். ஆனால் அதற்குள், "அங்கே போய்த் தங்கினவங்க எல்லாம் என்ன சொல்றாங்க?" என்று உங்கள் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்திருக்குமே? வந்துவிட்டதா? அப்படியென்றால் உங்களுக்கு அந்த விலாசம் கிடையாது. உங்கள் வீட்டில் விரிப்பை மடிக்கிறவரை வரச் சொல்லுங்கள். அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.