கழுதைக்கு ஒட்டிய மூன்று தாள்

உலகத்தில் எத்தனையோ நாடுகளில் நீதி கிடைக்கிறது. ஆனால் அதைத் தராசில் வைத்து, கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கும் நாடு எங்கள் அமெரிக்கா ஒன்றுதான். போதைப்பொருள் கடத்தலா? கலவை ஐம்பது கிராமைத் தொட்டால் குறைந்தது ஐந்தாண்டு. ஐந்நூறைத் தொட்டால் குறைந்தது பத்தாண்டு. கறிக்கடைக்காரன்கூட வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பான். கூட்டாட்சிச் சட்டம் முள்ளை மட்டும்தான் பார்க்கும்.

இந்த மகிமையை ரெமேடியோஸ் உராங்கா ஐம்பத்திரண்டாம் வயதில்தான் உணர்ந்தாள். டெக்சாஸ் எல்லையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், சான் டாமியானில் அவள் வீடு. பின்யாத்தா செய்வது தொழில். செய்தித்தாளை மாவுப்பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிய பொம்மை; வயிற்றில் மிட்டாய். பிறந்தநாளில் அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிய பிள்ளை கம்பால் அடித்து உடைக்க வேண்டும். ரெமேடியோஸ் செய்த பொம்மை பன்னிரண்டு பிள்ளைகள் அடித்த பிறகுதான் உடையும். அதுதான் அவளுக்கு ஊரில் இருந்த பெயர்.

கணவன் நெமேசியோவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய அவள்தான் அழைத்துப் போவாள். "ஆறு வருஷம் ஓட்டலாம்" என்றிருந்தார் டாக்டர்.

வண்ணத்தாள் வாங்கப் பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போனபோது, கடைக்காரன் கஸ்பார் ஒரு காகிதக் கழுதையைத் தூக்கிக் கொடுத்தான்.

"அக்கா, என் ஞானமகளுக்குப் பொறந்தநாளு. இத உன் வீட்டுல வெச்சிரு. நாளைக்கு நானே வந்து வாங்கிக்கறேன்."

"எவன்டா செஞ்சான் இத? காலு பிஞ்சு தொங்குது. மருந்து வாடை வேற."

"பூச்சி அரிக்காம இருக்கப் போட்டது. நீ அப்படியே கொண்டு போ."

அப்படியே கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை. அவள் கையால் போகிற கழுதை இரண்டே அடியில் உடைந்தால் ஊர் சிரிக்காதா? கடை வாசலிலேயே உட்கார்ந்து, பசை காய்ச்சச் சொல்லி, காலையும் வயிற்றையும் சுற்றி மூன்று தாள் கனமாக ஒட்டினாள். ஈரம் காயாத கழுதையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பாலம் ஏறினாள். சோதனைச் சாவடியில் நாய் மோந்தது.

கழுதையின் தாள் முழுவதும் போதைமருந்துக் கரைசலில் ஊறியது. அவள் ஈரத்தோடு ஒட்டிய தாளிலும் அது இறங்கியிருந்தது. ஊறிய தாளும் 'மருந்தே' என்பது சட்டத்தின் பெருந்தன்மை. ஆய்வுக்கூடத்தார் கழுதையை உலர்த்தி, மரியாதையோடு நிறுத்தார்கள். ஐந்நூற்று முப்பத்தொரு கிராம்.

அவளுக்கு அரசு கொடுத்த இலவச வக்கீல் கின்டானா தலையைச் சொறிந்தார்.

"அம்மா, நீங்க ஒட்டின தாளு எவ்வளவு இருக்கும்?"

"காஞ்சா நூறு கிராம் இருக்கும் தம்பி."

"அது இல்லேன்னா அஞ்சு வருஷத்தோட போயிருக்கும்."

"அப்ப மிச்ச அஞ்சு?"

"உங்க வேலைத்திறமைக்கு."

"அரைகுறையா ஒட்டியிருந்தா?"

"வெளிய வந்து வீட்டுக்காரர உயிரோட பாத்திருப்பீங்க."

ஆனால் சட்டம் கல்நெஞ்சு படைத்ததல்ல. முதல் தடவை தப்பு செய்தவர் தமக்குத் தெரிந்த முழு உண்மையையும் சொன்னால் பத்தைக் குறைக்கலாம் என்று கருணையோடு எழுதி வைத்திருக்கிறது. அரசுத் தரப்பு வக்கீல் ஹால்வர்சன் அவளுக்குக் காப்பி கொடுத்தே விசாரித்தார்.

"தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லுங்க."

"கஸ்பாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"அவனுக்குச் சரக்கு குடுக்கறது யாரு? பணம் யாருக்குப் போகுது?"

"தாளு அவங்கிட்ட வாங்குவேன். பசை நானே காய்ச்சுவேன். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?"

"மருந்து வாடை அடிச்சுதுன்னு நீங்களே சொல்றீங்க. ஏன்னு நோண்டிக் கேக்கல. கண்ண மூடிக்கிட்டா, தெரிஞ்சதாத்தான் அர்த்தம்."

ஹால்வர்சன் கோப்பில் எழுதினார்: 'முழு உண்மையைச் சொல்லவில்லை.' முழு உண்மை எங்காவது இவ்வளவு குட்டையாக இருக்குமா?

கழுதையைத் தேடி மறுநாள் வந்த கஸ்பாரும் பிடிபட்டிருந்தான். அவன் அனுபவசாலி. அதற்கு முன் இருபத்திரண்டு கழுதைகளை அனுப்பியவன். ஆகவே அவனுக்குப் பதினான்கு பெயர் தெரிந்திருந்தது. முதல் பெயர் ரெமேடியோஸ் உராங்கா. இவ்வளவு 'கணிசமான ஒத்துழைப்பு' தந்த குடிமகனைச் சட்டம் கைவிடுமா? இரண்டரை ஆண்டு கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பியது.

தீர்ப்பு நாளன்று நெமேசியோ சக்கர நாற்காலியில் வந்திருந்தான். நீதிபதிக்கு மேலே சுவரில், கண்ணில் துணி கட்டிய பெண் ஒருத்தி தராசோடும் வாளோடும் நின்றாள்.

"அது யாரு தம்பி?" என்று ரெமேடியோஸ் பக்கத்தில் நின்ற கின்டானாவிடம் கிசுகிசுத்தாள்.

"நீதி தேவதை. பாரபட்சம் பாக்கக் கூடாதுன்னு கண்ணக் கட்டியிருக்கு."

நீதிபதி நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பத்தாண்டை வாசித்தார். "என் கை கட்டப்பட்டிருக்கும்மா. ஏதாவது சொல்லணுமா?"

அவள் முதலில் நெமேசியோவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"எங்க விளையாட்டும் இதேதான் ஐயா. கண்ணக் கட்டி, கையில கம்பக் குடுத்துருவோம். சுத்தி நின்னு 'இங்க அடி, அங்க அடி'ன்னு கத்தறவன்தான் மிட்டாயப் பொறுக்குவான். ஒரு வித்தியாசம்தான்."

"என்னது?"

"கம்பு ஆளு மேல பட்டுச்சுன்னா, நாங்க கண்கட்ட அவுத்துருவோம்."