இந்தக் கரும்பு ஆலைக்குப் போகாது

சொந்த ஊரில் ஷூட்டிங் வைத்தால் உதவி இயக்குநர் அன்றைக்கு லீவு போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் "எங்க ஊரு சார், எல்லாம் எனக்குத் தெரியும்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். நெல்லிக்குப்பத்தில் நான் அதைக் காலை முதல் மதியம் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் வேலை பார்த்த டைரக்டரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் மகாராஜா என்போம். முதல் படத்துக்காகச் செய்த அரியணையை அவர் விடவே இல்லை. எந்த ஊரில் ஷூட்டிங் நடந்தாலும் அது லாரியில் கூடவே வரும், அதில்தான் உட்காருவார். ஊதா நிறப் பட்டு ஜிப்பா, விரலுக்கு ஒரு மோதிரம், நிழலிலும் கறுப்புக் கண்ணாடி. காதலன் கடிதம் கொடுக்கும் ஒரு காட்சிக்கு ஐம்பது யானைகளை நிறுத்தியவர் அவர். கடிதத்துக்கு எதற்கு யானை என்று கேட்ட ஒளிப்பதிவாளர் அடுத்த படத்தில் இல்லை. ஜனங்கள் யானைக்காகவே அந்தப் படத்தை ஓட்டினார்கள். ஆனால் கடைசி இரண்டு படங்கள் படுத்துவிட்டன. "எல்லாம் பெருசு பெருசா இருக்கு, உசுருதான் இல்ல" என்று எங்கள் அப்பாவே சொல்லிவிட்டார் (அவர் இடைவேளை வரைதான் விழித்திருந்தார்).

எனக்கும் இந்தப் படம்தான் கடைசி வாய்ப்பு. மூன்று வருடம் கிளாப் அடித்தும் திரையில் என் பெயர் வரவில்லை. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆபீஸ் வேலை பார்த்து வைத்திருந்த அப்பா, "இந்தப் படத்துலயும் பேரு வரலன்னா ஊருக்கு வந்துடணும்" என்றார். டைரக்டரோ, "இந்த ஷாட் நல்லா வரட்டும், வசனம்னு உன் பேரப் போடறேன்" என்றார். காரணம், அந்தக் காட்சியின் வசனம் நான் எழுதியது.

காட்சி இதுதான். சர்க்கரை ஆலை கேட்டுக்கு எதிரே நாற்பது மாட்டு வண்டிகள், நிறையக் கரும்பு. முதல் வண்டியின் மேல் நின்று கதாநாயகன், "இந்தக் கரும்பு ஆலைக்குப் போகாது!" என்று முழங்குவான். உடனே வண்டிகள் எல்லாம் ஆலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கலெக்டரைப் பார்க்கக் கடலூர் ரோட்டில் கிளம்பும்.

வண்டிகளைத் திரட்டிக் கொடுத்தவர் என் தாய்மாமா. அவருடையதுதான் முதல் வண்டி. காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, ரெண்டு மணிக்குள்ள முடிச்சுடு. ஆலையில சங்கு ஊதிட்டா கேட்டத் தொறப்பாங்க. உள்ளதான் மாடுங்களுக்குத் தண்ணியும் வைக்கோலும். நான் தூங்கிட்டே போனாலும் நேரா அங்கதான் போவும்."

"சினிமாவுல டைம நாங்கதான் வெப்போம் மாமா. நீங்க கம்முனு இருங்க" என்றேன் (இதைச் சொன்ன வாயில் இன்றைக்கும் வசம்பு தேய்க்கலாம்).

பதினோரு மணிக்கு எல்லாம் தயார். அரியணையிலிருந்து குரல் வந்தது: "கொம்பு ஏன் இந்தக் கலர்ல இருக்கு?" ஜிப்பாவைக் காட்டி, "இந்தக் கலர் வேணும்" என்றார். நாற்பது வண்டிக்கு நூற்று அறுபது கொம்பு. (கணக்குச் சரிதான், பெயின்ட் அடித்தவளே நான்தான்.) கடைசிக் கொம்பு முடிந்தபோது மணி இரண்டாக இரண்டு நிமிடம்.

"ஆக்‌ஷன்!"

கதாநாயகன் கையை உயர்த்தினான். "இந்தக் கரும்பு..." என்றான். சங்கு ஊதியது. சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று அவன் அடிவயிற்றிலிருந்து, "ஆலைக்குப் போகாது!" என்று கத்தினான். மாடுகள் ஆலைக்குக் கிளம்பின.

நாற்பது வண்டிகளும் வரிசை கலையாமல், ஊதாக் கொம்புகளை ஆட்டிக்கொண்டு போயின. கதாநாயகன் "போகாது! போகாது!" என்று கத்தக் கத்த வண்டி போய்க்கொண்டே இருந்தது. மாமா கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நான்தான் அப்பவே சொன்னன்ல பாப்பா!" என்று அலறினார். ஆலைக்குள் எடை மேடையில் இருந்தவர் கதாநாயகனை அண்ணாந்து பார்த்து, "சார், எறங்குங்க. ஆளோட எடை போட முடியாது" என்றார்.

டைரக்டர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வண்டிகளின் பின்னால் ஓடினார். நான் அரியணைக்குப் பின்னால் ஒளிந்து அழ ஆரம்பித்தேன். கடலூர்ப் பள்ளிக்கூடத்து ஆபீஸ் மேஜை என் கண்முன்னே தெரிந்தது. அவர் 'கட்' சொல்லக் காத்திருந்தேன். சொல்லவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் புழுதியோடு திரும்பி வந்தார்.

"சங்கு ஊதற நேரம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். மாமா சொன்னாரு. நான்தான் கேக்கல."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

"ஐம்பது யானைய நான் சொன்ன எடத்துல நிக்க வெச்சேன்மா. ஒண்ணுகூட இப்படி நடிக்கல. கேமராவ நிறுத்தவே இல்ல, எல்லாத்தையும் எடுத்துட்டேன். எழுந்து வா, மிச்சத்த எழுதணும்."

அன்று சாயங்காலமே எழுதினோம். சபதம் போட்டவனை மாடுகளே ஆலைக்குள் கொண்டுபோய் விடுகின்றன. வேறு வழியில்லாமல் அவன் எடை மேடையிலேயே நின்று பேச, போராட்டம் அங்கேயே தொடங்குகிறது.

படத்தைச் சிதம்பரத்தில் முதல் நாள் குடும்பத்தோடு பார்த்தோம். 'வசனம்' என்று என் பெயர் தனியாக வந்தது. சங்கு ஊதியதும் தியேட்டர் எழுந்து நின்றது. "நான்தான் அப்பவே சொன்னன்ல பாப்பா!" என்று மாமா திரையில் அலறியபோது விழுந்த விசிலில் ஒன்று எனக்குப் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. அப்பாவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் எழுதிய வசனத்துக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை என்பது வேறு விஷயம். அரியணை இன்னும் லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சபதம் போட முடிவதில்லை. இனி இனிப்பே தொடமாட்டேன், அவுங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று யார் ஆரம்பித்தாலும், ஒருவர் சங்கு ஊதிவிடுவார்.

போன வருடம் டைரக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன். சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "இனிமே சினிமா பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று அறிவித்தேன். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஊஊஊ..." என்றார்.

மறுநாள் காலை சென்னை பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.