துரையின் காலி மூலை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். உங்கள் நலத்தையும் மகளின் நலத்தையும் ஒன்பது மாதப் பேரனின் நலத்தையும் தினமும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆகவே கடிதம் அதற்காக இல்லை. அலுவலக முகவரிக்கு வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம். உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது; இங்கே நான் தும்மினால் அங்கே மூன்று பேர் மருந்து சொல்கிறீர்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் இரண்டு வார்த்தை தனியாகப் பேச இந்தக் காலத்தில் தபால் ஒன்றுதான் கதி.

எனக்கு வேலையில் லீவு கொடுத்துவிட்டார்கள். தண்டனையா என்றால் இல்லை, பரிசா என்றால் அதுவும் இல்லை, முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைத்து, மரத்தூள் மாற்றி, கூண்டு கழுவுவது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் அப்பா இதைக் கேட்டதும் டீயை மெதுவாகக் கீழே வைத்தார், நானும் கவனித்தேன். அந்த எலிகளில் ஏழாம் நம்பர் ஒன்று. அதன் தோரணையைப் பார்த்து நான் துரை என்றுதான் கூப்பிடுவேன். துரையின் மூளைக்குள் முடியைவிட மெல்லிய கம்பிகளை வைத்து, அங்கே நரம்பணுக்கள் துடிப்பதை டாக்டரம்மா ஒலிபெருக்கியில் கேட்பார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மூளையை ஆராய்கிறவர், என் மகளைவிட இரண்டு வயது பெரியவர். துரை பெட்டிக்குள் நடக்க ஆரம்பித்தால் விநாடிக்கு எட்டு தடவை என்று ஒரு தாளம் கிளம்பும், உட்கார்ந்து மீசையைத் துடைத்தால் கலைந்துவிடும். அந்தத் தாளத்துக்குள் ஒவ்வோர் அணுவும் பெட்டியில் தனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கும், துரை அங்கே வந்தால்தான் வாயைத் திறக்கும், சோளம் பொரிகிற மாதிரி டப்டப்பென்று சத்தம் கேட்கும்.

இதில் ஓர் அணு மட்டும் பெட்டியின் ஜன்னலோரத்து மூலையில் பொரிந்து தள்ளியது. அந்த மூலையில் ஒன்றுமே கிடையாது. டாக்டரம்மா நான்கு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்கள், விளக்கை மாற்றினார்கள், தரையை மூன்று விதமான சோப்பு போட்டுக் கழுவினார்கள். கழுவினார்கள் என்றால் நான் கழுவினேன். எல்லோரோடும் சேர்ந்து நானும் மோவாயைத் தடவி, “ஆச்சரியமாத்தாம்மா இருக்கு” என்று சொல்லிவந்தேன்.

மாப்பிள்ளை, அந்த மூலையில் இருந்தது நான். பதிவு தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் துரையைப் பெட்டியில் விட்டுப் பழக்க வேண்டும். அப்போது பேசக் கூடாது, எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது; ஒட்டியதே நான்தான். ஆனால் உங்கள் மாமியார் பேரனைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டுக்கு வந்த மறுவாரத்திலிருந்து, டீக்கு வீட்டுக்குப் போனாலும் எனக்குப் பேச ஆளில்லாமல் போயிற்று. பெட்டியின் அந்த மூலையை ஒட்டி நின்று டீயைக் குடித்துக்கொண்டே, பிஸ்கட்டில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுத்து, வீட்டுச் செய்திகளைச் சொல்ல ஆரம்பித்தேன். பேரனுக்குப் பல் முளைத்த சேதி வெளி ஆட்களில் முதலில் துரைக்குத்தான் தெரியும். நடுவில் பேச்சை வெட்டாமல் கேட்கும். நான் போய்க் கதவைச் சாத்திய பிறகு பதிவு தொடங்கும்.

போன வாரம் டாக்டரம்மா குனிந்து அந்த மூலையிலிருந்து எதையோ எடுத்தார். பிஸ்கட் தூள்.

“அண்ணே, இது எப்படி இங்க வந்துச்சு?”

“எறும்பு கொண்டு வந்திருக்கும்மா.”

“கிரீம் பிஸ்கட்டா பார்த்துக் கொண்டு வருமா?”

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் திட்டவில்லை. மறுநாள் என்னை அதே மூலையை ஒட்டி நிற்கவைத்துப் பதிவு செய்தார். துரை என் பக்கம் வந்து நின்றது, ஒலிபெருக்கியில் அந்த அணு சத்தமே போடவில்லை. என்னை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திய நிமிடம் டப்டப்பென்று ஆரம்பித்துவிட்டது.

“நீங்க இருக்கறப்ப இது சும்மா இருக்கு அண்ணே. நீங்க போனதுக்கப்புறம்தான் அடிக்குது. இருந்த ஆள் இப்ப இல்லைங்கறதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கு பாருங்க” என்றார்.

துரை என்னை மறக்க எத்தனை நாளாகும் என்று பார்க்க வேண்டுமாம். அதுவரை என் வாடைகூட அந்தப் பக்கம் வரக் கூடாதாம். அதற்குத்தான் லீவு. ஆக, ஓர் எலி என்னை மறப்பதற்காகச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

பகல் முழுக்க வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு பாக்கெட் பால் வாங்குகிறேன், ஒன்று திரிகிறது, மறுநாளும் இரண்டு வாங்குகிறேன். குறுக்கெழுத்துப் பக்கத்தை உங்கள் மாமியாருக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன், அது முழங்கால் உயரம் வந்துவிட்டது. நேற்று குழாய் ரிப்பேர்க்காரர் வந்திருந்தார், அவர் எதிரிலேயே சமையலறைப் பக்கம் திரும்பி “டீ ஆச்சா?” என்று கேட்டுவிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள யாரும் இல்லையே சார்” என்றார். அந்த மனுஷரை எனக்குப் பிடிக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்கள் மாமியாரை எத்தனை மாதம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அது வாய் சொன்னது. எட்டு மாதம் ஆகிறது, இந்த வீட்டில் அவள் இல்லாத இடம் என்று ஓர் அங்குலம்கூட இல்லை. எனக்கு அவள் வேண்டும். பேரனுக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டு, நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், உங்களுக்கே தோன்றியது போல உங்கள் மாமியாரை அனுப்பிவைக்கவும்.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். நீங்கள் எல்லா வளமும் பெற்று, சளி பிடிக்காமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் போன் வந்தது. வழக்கமான இரைச்சல் இல்லை. உங்கள் மாமியார்தான், ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசினாள். “என்னங்க, லீவு போட்டுட்டு அங்க தனியா என்ன பண்றீங்க?” என்றாள். என்னை யாரும் அங்கே வரச்சொல்லவில்லையே என்றேன். “நீங்களா வரேன்னு சொல்வீங்கன்னு எட்டு மாசமா பார்த்துட்டிருக்கேன்” என்றாள். ஆகவே மேலே உள்ளதை அப்படியே கிழித்துப் போடவும். உங்கள் மாமியாரை எங்கும் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம், அவளை அனுப்பவும்.