குரூஸ் கண்ட்ரோலும் என் வலது காலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். என் பைக்குக்குத்தான் சீக்கு. அதற்குக் காரணம் நீ. கோபப்படாமல் முழுக்கப் படி.

ஆக்சிலேட்டரை முறுக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் கொண்டுபோகும் குரூஸ் கண்ட்ரோல் இருக்கிற தைரியத்தில்தான், மணிக்கட்டு வலிக்காரனான நான் உன் வீடுவரை ஓட்டி வர இவள் சம்மதித்தாள். போனில் நீ, "வா, ஆனா மெதுவா வாடா" என்றாய். மறுநாளிலிருந்து அந்தப் பாழாய்ப்போன பொத்தான் வேலை செய்யவில்லை. அது சரியாகவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டியது, உன்னைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஃபியூஸை மாற்றினேன், பொத்தானை ஊதினேன், துடைத்தேன், கெஞ்சினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், அதில் ஹாரனும் ஊமையானதுதான் மிச்சம். மெக்கானிக் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது, நான் ஏறினால் முரண்டு பிடிக்கிறது. கடைசியில் அவர் இன்னொரு வண்டியில் என் பின்னாலேயே வந்து பார்த்தார்.

"சார், பின்னாடி செவப்பு லைட்டு அணையவே இல்ல. வழி பூரா பிரேக்குல கால வச்சிட்டே வர்றீங்க. பிரேக்கு பட்டா குரூஸ் கட்டாயிடும். யாருக்கு பயந்து மிதிக்கிறீங்க?"

யாருக்கு என்று சொல்ல? நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் உன்னை அப்பாவின் வண்டியில் கொண்டுபோய் விடுவேனே, திருப்பத்துக்குத் திருப்பம் என் விலாவைக் கிள்ளி "மெதுவாடா, மெதுவாடா" என்பாயே, அதற்குப் பயந்து என் கால் பிரேக்கிலேயே குடியிருந்தது. போனில் உன் "மெதுவா"வைக் கேட்டதும் கால் மறுபடி அங்கேயே குடியேறிவிட்டது. பிரேக் ஷூ மாற்றியே சொத்து அழிகிறது என்று அப்பா கத்துவார். நீ பின்னால் உட்கார்ந்து சிரிப்பாய். உனக்குக் கல்யாணம் ஆன பிறகு அந்த வண்டியில் ஏறவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருக்கிறது அக்கா.

போகட்டும். இனி காலைக் கட்டிப்போட்டாவது பொத்தானை நம்பியே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வாசலில் நிற்பேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சுற்றுப் போய் வந்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், பொத்தானை அழுத்தினேன், வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. பின் சீட் காலியாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. பொத்தானை அணைத்துவிட்டுக் காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டேன். அப்படியேதான் வருவேன். கை வீங்கினால் நீ தைலம் தேய்த்துவிடு, இவளிடம் மட்டும் மூச்சு விடாதே.